நாற்காலிக்கு நாள் குறியுங்கள்!

(ஊராட்சி மன்ற ஆலோசனைக் குழுக்களில் இளைஞர் தொண்டர்களின் தவணைக்காலம் குறித்து மலாக்கா தோட்ட, நகர இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெபோங்கிலிருந்தும் பூலாவ் செபாங்கிலிருந்தும், ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். இதைக் கணினியில் வாசிக்கும் நீங்களும் இங்கே உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிப் பேசுகிறேன். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு முன்னால் ஓடும் கால்வாய் எந்த மன்றத்தைச் சேர்ந்தது?

பலருக்குப் பதில் தெரியாது. அதில் உங்கள் குற்றம் குறைவு. மலாக்காவில் நான்கு ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. மலாக்கா வரலாற்று மாநகராண்மைக் கழகம், அலோர் காஜா நகராண்மைக் கழகம், ஜாசின் நகராண்மைக் கழகம், 2010 ஜனவரியில் உருவான ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம். இந்த நான்காவது, மற்ற மூன்றின் பகுதிகளைப் பிரித்தெடுத்து அமைக்கப்பட்டது. நேற்றுவரை ஒரு மன்றத்திடம் முறையிட்ட தாமான், மறுநாள் வேறொரு மன்றத்தின் கையில்!

ஆனால் மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் கேட்கப்படுகிறது. வரி கட்டும்போது நாம் குடிமக்கள். முடிவெடுக்கும்போது நாம் யார்?

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

நம் தாத்தா பாட்டி காலத்தில் லயத்து விளக்கு எரியவில்லை என்றால் கிராணியிடம் சொன்னார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் நிர்வாகத்திடம் போனார்கள். தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத்தின் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் அந்த வேலிக்கு வெளியிலேயே நின்றன. கம்போங்குக்குக் கிராமக் குழு இருந்தது. நமக்கு மண்டோர் இருந்தார்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் மலிவு விலை வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்தோம். வந்த இடத்தில் குப்பை, கால்வாய், தெருவிளக்கு, திடல், அங்காடிக் கடை உரிமம், கட்டட அனுமதி எல்லாமே ஊராட்சி மன்றத்தோடு சம்பந்தப்பட்டவை. கோவில், இடுகாடு என்று வந்தால் நில அலுவலகமும் மன்றமும் சேர்ந்தே வரும். ஆனால் மன்றத்தோடு பேசிப் பழகிய பழக்கம் நம்மிடம் இல்லை. கிராணியிடம் கெஞ்சிய அதே குரலில் கட்சித் தலைவரிடம் கெஞ்சக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதன் விலை என்ன என்று நாடே பார்த்தது. 2007 அக்டோபர் 30, சிலாங்கூர் பாடாங் ஜாவா மாரியம்மன் கோவில் உடைக்கப்பட்டது. உடைத்தது ஓர் ஊராட்சி மன்றம். அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் பல்லாயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். நம் மாநிலத்தில் 2013இல் காஜா பெராங் கம்போங் செட்டியை ஒட்டி உயர்மாடிக் குடியிருப்பும் ஓட்டலும் கட்டும் திட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலாக்கா செட்டி மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. மலாக்கா நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஊரிலேயே இந்த நிலை.

மண்வாரி இயந்திரம் வந்தபிறகு ஓடுவது ஒரு வழி. அந்த இயந்திரத்துக்கு அனுமதி கொடுக்கும் கோப்பு மேசைக்கு வரும்போதே நம் ஆள் ஒருவர் அங்கே இருப்பது இன்னொரு வழி. நான் பேச வந்தது இரண்டாவது வழியைப் பற்றி.

வாக்குப் பெட்டி போனது எப்படி?

1950களில் ஜோர்ஜ்டவுன், கோலாலம்பூர், மலாக்கா நகரங்களில் நகரவைத் தேர்தல் நடந்தது. 1965இல், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி, அந்தத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

அதே 1965இல் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968 டிசம்பரில் அறிக்கை தயாரானது, 1971இல்தான் வெளியிடப்பட்டது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்கள் வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், தேர்தலுக்குக் கதவடைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் சொந்தச் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

ஆக இன்று என்ன இருக்கிறது? சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பாருங்கள். மேயர் அல்லது தலைவரோடு 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்கள். மாநில அரசு நியமிக்கும். தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது; ஆனால் மறுபடியும் நியமிக்கலாம். யாரை நியமிக்கலாம் என்று சொல்லும் இடத்தில், தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் தகுதி உள்ளவர்கள் என்ற கருத்தும் இருக்கிறது. அது நமக்கு ஒரு பிடிமானம்.

நடைமுறையில் அந்த இடங்களைக் கட்சிகள் பங்கு போட்டுக் கொள்கின்றன. மன்ற உறுப்பினராக ஓர் இருபது வயதுப் பெண்ணையோ பையனையோ அவர்கள் தேடி வரப்போவதில்லை. ஆனால் அதற்குக் கீழே ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன: குடியிருப்பாளர் பிரதிநிதிக் குழு, நிலைத்த மேம்பாட்டுக்கான குழு, இளைஞர் குழு, விளையாட்டுக் குழு என்று பல பெயர்களில். 1992 ரியோ மாநாட்டுக்குப் பின் உலகெங்கும் பரவிய உள்ளூர்ச் செயல்திட்டம் 21, நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு நான்கு மன்றங்களில் முன்னோடியாகத் தொடங்கி மற்ற மன்றங்களுக்கும் விரிந்தது. பொதுமக்களை அழைத்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கதவு சாத்தியிருக்கலாம், பூட்டப்படவில்லை.

ஏன் தவணையைப் பற்றிப் பேசுகிறேன்?

"முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு எத்தனை மாதம் என்று பேசலாம்" என்று சொல்வீர்கள். இல்லை தோழர்களே. இடம் கிடைத்தும் நாம் தோற்றுப்போவது இந்த விஷயத்தில்தான்.

நாள் குறிக்காத நாற்காலிக்கு இரண்டு முடிவுகள்தான் உண்டு. ஒன்று, அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார். நம் சங்கங்களில், கோவில் நிர்வாகங்களில் இதைப் பார்த்திருக்கிறோம். இளைஞர் பிரிவுத் தலைவருக்குப் பேரன் பிறந்திருக்கும். அவர் இன்னும் இளைஞர் பிரிவுத் தலைவர்! இரண்டாவது முடிவு, ஆர்வத்தோடு வந்த பிள்ளை நான்கு கூட்டம் வருவான், ஐந்தாவது கூட்டத்துக்கு வேலை, ஆறாவதற்குப் பரீட்சை, பிறகு யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடுவான். அவன் கொடுத்த புகார்க் கடிதம் எங்கே, பதில் வந்ததா, யாருக்கும் தெரியாது. "இந்திய இளைஞர்களுக்கு அக்கறை இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். மலாக்காவில் 2018 மே மாதம் ஆட்சி மாறியது. 2020 மார்ச்சில் மறுபடியும் மாறியது. 2021 நவம்பரில் தேர்தல். ஆட்சி மாறினால் நியமனமும் மாறுவது நம் நாட்டு வழக்கம். கூட்டரசு அளவில் கிராமக் குழுவின் பெயர்கூட அப்படித்தான் மாறி மாறி வந்தது. எழுத்தில் தவணை இல்லாத ஆலோசகரை, ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டால் மறுநாளே அனுப்பிவிடலாம். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று எழுதி வாங்கியவரை அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது. அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் தைரியம் அந்தத் தேதியிலிருந்து வருகிறது.

ஓராண்டா, மூன்றாண்டா?

ஓராண்டு போதாது. ஏன்? மன்றத்தின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஆண்டின் பிற்பகுதியில் தயாராகிறது. பல மன்றங்கள் அதற்கு முன் பொதுமக்கள் கருத்தையும் கேட்கின்றன. ஜனவரியில் உட்கார்ந்த தொண்டர் முதல் ஆறு மாதம் ஆள் அடையாளம் தெரிந்துகொள்வார். பிற்பாதியில் "எங்கள் தாமான் கால்வாய்க்குப் பணம் ஒதுக்குங்கள்" என்பார். ஒதுக்கினார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அவர் தவணை முடிந்துவிடும். வேலை நடந்ததா என்று அடுத்த ஆண்டு கேட்பது யார்?

மூன்றாண்டு அதிகம். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை எங்கே இருப்பான்? ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, மெர்லிமாவ் போலிடெக்னிக்கா, வெளிமாநிலப் பல்கலைக்கழகமா, சிங்கப்பூர் வேலையா, அவனுக்கே தெரியாது. பள்ளி நாட்காட்டியே நிலையாக இருக்கவில்லை. 2022இல் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. 2025இல் பிப்ரவரிக்கு வந்தது. 2026இல் ஜனவரிக்குத் திரும்பியது. ஆகவே தவணையைப் பள்ளி ஆண்டோடு கட்டாதீர்கள். வரவு செலவுத் திட்டத்தோடு கட்டுங்கள்.

என் பரிந்துரை இது. நன்றாகக் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, 21 வயது முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு முழுத் தவணை இரண்டு ஆண்டு, ஜனவரியில் தொடக்கம். முதல் ஆண்டில் கேட்பார், இரண்டாம் ஆண்டில் கேட்டது நடந்ததா என்று கண்காணிப்பார். 30 என்ற வரம்பை நானாகச் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டம் இளைஞர் வயதை 15 முதல் 40 வரை என்றது. 2019 திருத்தம் மேல்வரம்பை 30க்கு இறக்கியது.

இரண்டாவது, 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்குத் துணைத் தவணை ஓராண்டு. முழு உறுப்பினரோடு சேர்ந்து உட்கார்வார், குறிப்பெடுப்பார், அவர் வராதபோது பேசுவார். படிக்கப் போய்விட்டால் குற்றம் இல்லை. தங்கினால் அடுத்து முழுத் தவணைக்கு வரலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். 18 வயது வாக்குரிமைக்கான அரசமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 15. மலாக்கா சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2021 நவம்பர் 20. இருபத்தைந்து நாள் இடைவெளி! நம் மாநிலத்தின் 18 வயதுப் பிள்ளைகள் 28 தொகுதிகளிலும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தேதி குறிப்பது ஒரு சின்ன வேலை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, எல்லாரும் ஒரே நாளில் போகக்கூடாது. குழுவில் நான்கு இளைஞர் இடம் என்றால் ஆண்டுக்கு இரண்டு இடம்தான் மாற வேண்டும். முதல் சுற்றில் மட்டும் இருவருக்கு ஓராண்டு கொடுத்துத் தொடங்கினால், பிறகு தானாகவே பழையவர் இருவர், புதியவர் இருவர் என்று ஓடும். புதியவருக்கு வழிகாட்ட எப்போதும் ஆள் இருக்கும்.

நான்காவது, முழுத் தவணை ஒன்றுதான் தொடர்ந்து. மீண்டும் வர வேண்டுமானால் ஒரு தவணை இடைவெளி விட வேண்டும். நல்ல பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்பீர்கள். அனுப்பவில்லை. மன்றத்தை அறிந்த ஒருவர் ஊருக்குத் திரும்பி வருகிறார். பத்தாண்டில் ஒரே நாற்காலியிலிருந்து ஐந்து பேர் உருவாகிறார்கள். பத்தாண்டும் ஒருவரே உட்கார்ந்தால் ஒருவர்தான்.

ஐந்தாவது, ஒப்படைப்பு. தவணையின் கடைசி இரண்டு கூட்டங்களில் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் கைமாற வேண்டும். அதில் எந்தப் புகார், எந்தத் தேதி, கடிதத்தின் கோப்பு எண், யார் பதில் சொன்னார், அடுத்து கேட்க வேண்டிய தேதி, இவை இருந்தால் போதும். இரண்டு வெள்ளி நோட்டுதான். நம் கோவில் நிலங்களில் பாதிப் பிரச்சினை, அன்று யார் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் வந்தது.

கூட்டம் எப்போது?

வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? ஓய்வுபெற்றவரும் அலுவலக அதிகாரியும் வருவார். செம்பனை அறுவடைக்குப் போகிறவர் வரமாட்டார். பத்து பெரண்டாமிலும் ஆயர் குரோவிலும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண் வரமாட்டார். ஆகவே மாலை நேரமோ வார இறுதியோ வேண்டும் என்று கேளுங்கள். ஆண்டு முழுவதற்குமான தேதிகளை ஜனவரியிலேயே வெளியிடச் சொல்லுங்கள். தெரிந்த தேதிக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம், நேற்று இரவு வந்த குறுஞ்செய்திக்கு மாற்ற முடியாது.

தமிழ்நாட்டில் கிராம சபை எப்போது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. தேதி ஊருக்கே தெரியும் என்பதால், நடத்தாமல் விட்டால் கேள்வி வருகிறது. நம் பக்கத்திலும் தேதி குறிக்கும்போது தைப்பூசம், தீபாவளி, செங் சன்னாசிமலை மாசி மகம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மாசி மகத்தன்று கூட்டம் வைத்து, "இந்தியர்கள் யாரும் வரவில்லை" என்று எழுதக்கூடாது அல்லவா?

பயணச் செலவையும் மறைக்காமல் பேசுவோம். மன்ற உறுப்பினருக்குப் படி உண்டு. தொண்டருக்கு இல்லை. புக்கிட் அசகானிலிருந்து ஜாசினுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போக எண்ணெய் வேண்டும். மன்றத்திடம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் ஊர்ச் சங்கம், கோவில் நிர்வாகம் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கட்டும். தொண்டு செய்பவர் கைக்காசை இழக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவுக் கூட்டத்துக்குப் பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்குவீர்கள், நியாயம்தான். அதனால்தான் ஓர் ஊருக்கு இருவர் என்கிறேன். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். சேர்ந்து போகட்டும், சேர்ந்து வரட்டும்.

கண்துடைப்பு இல்லையா?

"ஆலோசனைக் குழுவுக்கு அதிகாரம் இல்லையே, இது கண்துடைப்பு" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். தேர்தல் இல்லாத மன்றம், அதற்குக் கீழே ஓர் ஆலோசனைக் குழு, அதில் நான்கு இளைஞர்கள். இதை ஜனநாயகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊராட்சி மன்றத் தேர்தல் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை நாம் ஒரு நாளும் விடப்போவதில்லை.

ஆனால் தேர்தல் நாளை திரும்பினால் நிற்க ஆள் வேண்டாமா? இலங்கையில் 1990இல் இளைஞர் ஆணைக்குழு அறிக்கைக்குப் பிறகு, உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் 40 விழுக்காடு இளைஞர் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பின்னாளில் அந்த விதி தளர்த்தப்பட்டது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், சலுகையாக வந்த இடம் எப்போது வேண்டுமானாலும் குறையும். அந்த இடத்தில் உட்கார்ந்து கற்ற வேலையை யாரும் திருப்பி வாங்க முடியாது.

கற்றுக்கொள்ள நியமனம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 171ஆம் சட்டம் 23ஆம் பிரிவின்படி, மன்றமே வேறாகத் தீர்மானித்தால் அன்றி, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. குழுக் கூட்டங்களுக்குத்தான் இது பொருந்தாது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி வட்டாரத் திட்டம் தயாராகும்போது பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கக் காலம் கொடுக்க வேண்டும். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்புக் கிடைத்து 21 நாள் அவகாசம் உண்டு. கம்போங் செட்டி போல ஒரு நிலை உங்கள் ஊருக்கு வரும்போது அந்த 21 நாள்தான் உங்கள் கையில் இருக்கும். இருபத்திரண்டாம் நாள் கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பயன் என்ன?

நீங்கள் செய்ய வேண்டியது

இந்த மாதம் உங்கள் ஊரில் பத்து இளைஞர்கள் கூடுங்கள். உங்கள் மன்றம் எது என்று உறுதி செய்யுங்கள். அந்த மன்றத்தில் என்னென்ன ஆலோசனைக் குழுக்கள் உள்ளன, யார் உறுப்பினர், தவணை எப்போது முடிகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை மலாய் மொழியில் எழுதுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், கோப்பு எண் கேளுங்கள். பிறகு இருவரின் பெயரை, தொடக்கத் தேதியோடும் முடிவுத் தேதியோடும் பரிந்துரை செய்யுங்கள். தேதி இல்லாத பெயரை அனுப்பாதீர்கள். அடுத்து உட்காரப் போகிற இருவர் யார் என்பதையும் அன்றே பேசி வையுங்கள். எந்தக் கட்சிக்காரர் வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் நன்றி சொல்லுங்கள். கடிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடக்கத் துணிந்தார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த பிள்ளைகள் நீங்கள். உங்கள் மன்றம் அவ்வளவு தூரத்தில் இல்லை. அரை மணி நேரப் பயணம். மறக்காமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.